நாற்பத்தொரு நிமிடம் திறந்திருந்த பட்டியல்

கண்ணாடி ஜன்னலும் கதவும் செய்கிற அந்தக் கம்பெனியில் அறுபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். கணக்கு சாஃப்ட்வேருக்கு மொத்தமே ஒரு பாஸ்வேர்டு. முதலாளியின் செல்போன் நம்பரின் கடைசி நாலு எண். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிக்குக்கூட அது மனப்பாடம். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எந்த பில்லை வேண்டுமானாலும் திருத்தலாம். போன வருஷம் யாரோ ஒரு பழைய பில்லில் ஒரு பூஜ்யத்தை விழுங்கிவிட்டார்கள். யாரென்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. சாஃப்ட்வேரைக் கேட்டால் எல்லாவற்றையும் முதலாளியே செய்ததாகச் சொன்னது.

இந்த வருஷம் ஆடிட்டர் பிடிவாதமாக நின்றுவிட்டார். புது சாஃப்ட்வேர் வாங்குங்கள், ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுங்கள், அவரவருக்கு வேண்டியது மட்டும் அவரவர் கண்ணில் படட்டும், இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை என்றார். புது சாஃப்ட்வேரும் வந்தது. அதை ஒழுங்குபடுத்த வேண்டிய தலைமைக் கணக்கருக்கு அதே வாரம் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன். வேலை கமாவின் தலையில் விழுந்தது.

கமா என்பது பட்டப்பெயர். கணக்குப் பிரிவில் எட்டு வருஷமாக உதவியாளராக இருந்தாள். சேர்ந்த புதிதில், எண்ணுக்கு நடுவே கமா தவறிப்போன ஒரு செக்கை முதலாளி கையெழுத்துப் போட்ட பிறகும் வங்கிக்கு அனுப்ப மறுத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய கணவர் ஸ்கூல் பஸ் ஓட்டுபவர், அவரே வீட்டில் சில சமயம் அப்படிக் கூப்பிடுவார்.

இவ்வளவு பெரிய வேலையை யாரும் அவளை நம்பி இதுவரை கொடுத்ததில்லை. கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. முதல் நாளே ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கி, இடது ஓரம் அறுபத்திரண்டு பெயர்களையும் மேலே விற்பனை, கொள்முதல், சரக்கு, வங்கி, சம்பளம் என்று தலைப்புகளையும் எழுதினாள். பிறகு நோட்டும் பென்சிலுமாக ஒவ்வொரு மேஜையாகப் போய், உங்களுக்கு என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். கேட்டவர்களெல்லாம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்றார்கள். விற்பனை மேனேஜர் ஒருபடி மேலே போய், தனக்கு எல்லாம் தெரிய வேண்டும், ஆனால் தன்னுடைய பயணச் செலவு மட்டும் யாருக்கும் தெரியக்கூடாது என்றார். லாரி டிரைவர் ஒருவர்தான் நியாயஸ்தர். டீசல் பில் பாஸாகிவிட்டதா என்று தெரிந்தால் போதும், மற்ற தலைவலி எனக்கு வேண்டாம் என்றார். அவர் பெயருக்கு நேரே ஒரே ஒரு டிக் போட்டபோது அவளுக்கு அவரைக் கும்பிடலாம் போல இருந்தது.

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அந்த சார்ட் இரண்டு வாரம் விரிந்தே கிடந்தது. தட்டை எங்கே வைப்பது என்று கணவரும் மகளும் முழித்தார்கள். கணவர் ஒருநாள், "உன் பர்ஸைப் பார்க்க எனக்கு அனுமதி இருக்கா?" என்று கேட்டார்.

"பார்க்கலாம். எடுக்க முடியாது," என்றாள்.

அட்மின் என்கிற முறையில் அந்த இரண்டு வாரமும் சாஃப்ட்வேரின் எல்லாக் கதவும் அவளுக்குத் திறந்திருந்தன. சம்பளப் பட்டியலும் அதில் ஒன்று. அதுவரை சம்பளக் கணக்கு தலைமைக் கணக்கரின் வீட்டு அலமாரியில் ஒரு தடித்த நோட்டில் இருந்தது, வேறு யாரும் கண்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் அவரே அதைப் புது சாஃப்ட்வேரில் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். கமா அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. தனக்குத் தேவையில்லாததைப் பார்க்கக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள், தானே எட்டிப்பார்ப்பதா என்று ஒரு ரோஷம். அருகில் உட்கார்ந்து வேலை செய்கிற புதுப்பையன், அவன் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, ஒருமுறை ரகசியமாகக் கேட்டான், "அக்கா, என்னோடது சரியா ஏறியிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்களேன்." திங்கட்கிழமை உன் பாஸ்வேர்டில் நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாள்.

கம்பெனிக்காரர்கள் எல்லோருக்கும் தங்கள் சம்பளச் சீட்டைத் தாங்களே பார்க்கும் வசதி திங்கட்கிழமை காலை திறப்பதாக இருந்தது. கீழே பட்டறையில், கண்ணாடித் தூசு படாமல் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு கம்ப்யூட்டரை அதற்கென்றே சுவரோரமாக வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கமா தனியாக வந்து எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்தாள். எல்லாம் சரியாக வந்தது. ஒரே மாதிரி அனுமதி உள்ளவர்களை அவள் குரூப் குரூப்பாகப் பிரித்திருந்தாள்; அதில் பட்டறை ஆட்களுக்கான குரூப்பில் மட்டும் சம்பளச் சீட்டு திறக்க மறுத்தது. கோளாறு பக்கத்திலா, அனுமதியிலா என்று தெரிந்துகொள்ள, பட்டறை குரூப்பைத் தூக்கி ஒரு நிமிஷம், எல்லோர் சம்பளத்தையும் பார்க்க அனுமதியுள்ள தலைமைக் கணக்கரின் குரூப்புக்குள் போட்டாள். உடனே பக்கத்தின் மேலிருந்த பூட்டுக் குறி மறைந்தது, அதற்குமேல் அவள் உள்ளே போகவில்லை. ஆக, அனுமதியில்தான் ஏதோ ஒரு டிக் விட்டுப்போயிருந்தது. அதைக் கண்டுபிடித்துப் போட்டாள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் கேட்டது. நாத்தனார் வீட்டுக்குப் போக வேண்டும், கணவரும் மகளும் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஓடினாள்.

பட்டறை குரூப்பைத் தலைமைக் கணக்கரின் குரூப்பிலிருந்து வெளியே எடுக்க மறந்துபோனாள்.

திங்கட்கிழமை காலை அவள் புது சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மாடியில் ஆபீஸ் ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரில் நுழைந்து, தங்களுக்கு உண்டான பக்கங்களை மட்டும் பார்த்தார்கள், அதில் பாதிப்பேர் முகம் சுளித்தார்கள், மீதிப்பேர் பாராட்டினார்கள். விற்பனை மேனேஜர் ஐந்தாறு கதவுகளைத் தட்டிப்பார்த்துவிட்டு வந்து, எல்லாம் பூட்டியிருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொண்டார். அவளுக்கு அது பட்டுச்சால்வை போர்த்தியது போல இருந்தது.

கீழே பட்டறையில் முதலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர் கண்ணாடி அக்கா. இந்தக் கம்பெனியில் மட்டும் பதினெட்டு வருஷமாகக் கண்ணாடி வெட்டுகிறவர். ஆளுயரக் கண்ணாடியில் ஒரு கோடு இழுத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டினால் நூல் பிடித்ததுபோல் இரண்டாகும். அந்த விரலாலேயே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடித் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினார். மணி ஒன்பது பத்து. திரையில் தன் பெயர் வந்தது. அதற்கு மேலும் கீழும் இன்னும் அறுபத்தொரு பெயர்கள் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் நேரே சம்பளம்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தார். பிறகு பக்கத்து மேஜை ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

மாடியில் இருந்த கமாவுக்கு முதலில் உறைத்தது சத்தம் இல்லாததுதான். கீழே விளிம்பு தேய்க்கிற மெஷின் நாள் முழுக்க ஓயாமல் கீச்சிடும், அது கேட்டால்தான் ஆபீசில் வேலை நடப்பதாக அர்த்தம். அது நின்றிருந்தது. அடுத்து சட்டம் அறுக்கிற ரம்பமும் நின்றது. மின்சாரம் போய்விட்டதா என்று பார்த்தால் விளக்கு எரிகிறது. ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள். பட்டறையின் இருபது முப்பது பேரும் சுவரோரம் தேனீக்கூடு போல மொய்த்திருந்தார்கள்.

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் திரையைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று அவளுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. தலைப்பை மட்டும்தான் பார்த்தாள். கையால் திரையை மறைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை மூடினாள். மறுபடி மாடிக்கு ஓடி, பட்டறை குரூப்பை வெளியே எடுத்துப் போட்டாள். மணி ஒன்பது ஐம்பத்தொன்று.

திரும்பக் கீழே வந்தபோது பட்டறை கொதித்துக்கொண்டிருந்தது. நடுவில், தலை குனிந்து, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற உயரமான பையன் நின்றிருந்தான். ஆறு வருஷத்துக்கு முன் கண்ணாடியை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல் வந்தவன். வெட்டக் கற்றுக்கொடுத்தவர் கண்ணாடி அக்கா. இப்போது அவன் சம்பளம் அவரைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். பேக்கிங் பெண்கள் ஐந்து பேர், அதே வேலை செய்கிற ஆண்களைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்ததும் அன்றுதான் வெளியே வந்தது. ஆளாளுக்கு விரல்விட்டு எண்ணினார்கள். எத்தனை வருஷம், எவ்வளவு குறை, ஒரு வருஷத்துக்கு என்ன கணக்கு. ஊமை கண்ட கனவு போல இத்தனை நாள் உள்ளுக்குள் கிடந்ததெல்லாம் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. கோபத்தோடு கூடவே எல்லோர் முகத்திலும் ஒரு பரபரப்பு, பரீட்சை ரிசல்ட் பார்த்தவர்களைப் போல.

நெட்டை கமாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். சேரும்போது இவ்வளவு வேண்டும் என்று கேட்டானாம், கொடுத்துவிட்டார்களாம். மற்றவர்கள் கேட்கவே இல்லை என்று அவனுக்குத் தெரியாதாம்.

கண்ணாடி அக்கா கமாவைத் தனியே இழுத்தார். "உன்னோடதையும் பார்த்தேன். உன் பக்கத்து சீட்டுப் பையனோடதையும் பார்த்தேன். சொல்லட்டுமா?"

கமா அவசரமாகக் கைகாட்டித் தடுத்தாள். "வேண்டாம்க்கா," என்றாள். சொல்லாமலே பாதி தெரிந்துவிட்டது.

பத்து மணிக்கு முதலாளி வந்தார். ஐம்பத்தாறு வயசு. அவரும் ஒரு காலத்தில் கண்ணாடி வெட்டியவர்தான். வேறொரு கம்பெனியில் அவருடைய மேஜைக்கு அடுத்த மேஜையில் கண்ணாடி அக்கா வெட்டிக்கொண்டிருந்தார். தனியாகத் தொழில் தொடங்கியபோது அவர் கையோடு அழைத்துவந்த ஒரே ஆள் அக்காதான். அன்று மாலை நாலு மணிக்கு ஒரு புது ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு நாற்பது ஜன்னல்கள் லாரியில் ஏறியாக வேண்டும். அவர் உள்ளே நுழையும்போது பட்டறையில் ஒரு மெஷினும் ஓடவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. யாரோ பாஸ்வேர்டைத் திருடிவிட்டார்கள் என்று முடிவுகட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்போன் ரிப்பேர் செய்கிறவன் நெட்டை, ஆகவே கம்ப்யூட்டர் வித்தை தெரிந்தவன் அவன்தான். அவனைப் பார்த்து, இன்றோடு கணக்கைத் தீர்த்துக்கொண்டு போ என்றார். கண்ணாடி அக்கா உடனே, திறந்தது நான், என் பெயரில்தான் திறந்தது, அவன்மேல் ஏன் பாய்கிறீர்கள் என்றார்.

கமா முன்னால் வந்தாள்.

"யாரும் திருடலை சார். நான்தான் திறந்து வச்சுட்டுப் போயிட்டேன். நேத்து டெஸ்ட் பண்ணினப்போ ஒரு குரூப்பை மாத்திப் போட்டேன், திரும்ப எடுக்க மறந்துட்டேன். என் தப்பு."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்தப் பெண்ணா, கமா தவறியதற்கு செக்கையே நிறுத்தியவளா என்று அவருக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு, சரி, மூடிவிட்டாயா என்று கேட்டார். மூடிவிட்டேன் என்றாள். ஊர் வாயை எந்த மூடியால் மூடுவாய் என்றார்.

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு வெள்ளைத் தாளில் 'சம்பளப் பட்டியல் எதையும் நான் பார்க்கவில்லை, பார்த்ததாக யாரிடமும் பேசமாட்டேன்' என்று தன் கையாலேயே எழுதி, எல்லோரும் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினை ஓட்டுங்கள் என்று நீட்டினார். முதலில் கண்ணாடி அக்காவிடம்.

அவர் தாளை வாங்கி முழுசாகப் படித்தார். "பார்த்ததைப் பார்க்கலைன்னு எழுதச் சொல்றீங்க. நாளைக்கு வெட்டாத கண்ணாடியை வெட்டினேன்னு எழுதச் சொல்வீங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதுண்ணே."

அண்ணே என்று அவர் முதலாளியைக் கூப்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது. தாள் கைமாறிக் கைமாறி எல்லோரிடமும் போய், ஒரு கையெழுத்தும் இல்லாமல் முதலாளியிடமே திரும்பி வந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கமாவை மட்டும் மாடிக்கு வரச்சொன்னார்.

அவர் அறையின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. உட்கார்ந்த இடத்திலிருந்தே பட்டறை தெரியும். கீழே எல்லோரும் மேஜைகள் மேல் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி நாற்காலியில் சாய்ந்து, அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பட்டியலில், கொண்டுவா பார்ப்போம் என்றார்.

கதவுப் பக்கம் போன கமா திரும்பினாள். "நீங்க பார்த்ததில்லையா சார்?"

அவர் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆளாக வரும்போது பேசி, ஒரு தொகையைச் சொல்லி, தலைமைக் கணக்கரிடம் எழுதிக்கொள்ளச் சொன்னதோடு சரி. மாசாமாசம் மொத்தத் தொகைக்குக் கீழே கையெழுத்துப் போடுவார். பதினெட்டு வருஷத்தில் எல்லாவற்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே கிடையாது.

கமா பெயர்களை எடுத்துவிட்டு அச்செடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். பெயர் தெரிந்தால் முகம் ஞாபகம் வரும், முகம் ஞாபகம் வந்தால் கணக்கு குழம்பும் என்றாள். அவர் சரி என்றார். பதினொன்று இருபதுக்கு அவள் வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வேலை, எத்தனை வருஷம், சம்பளம் என்று மூன்றே பத்தி. அச்செடுக்கும்போதே கணக்குப் பிரிவு என்று போட்ட இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. எட்டு வருஷம் ஒன்று. ஒரு வருஷம் ஒன்று. ஒரு வருஷத்தின் சம்பளம் எட்டு வருஷத்தைவிடக் கால்வாசி அதிகம். தாள் பிரிண்டரிலிருந்து முழுசாக வெளியே வரும்வரை அவள் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

முதலாளி பென்சிலை எடுத்து, கண்ணாடி வெட்டுக்குக் குறி போடுவது போல ஒவ்வொரு வரியாக இறங்கினார். முதல் பக்கம் முடியும்போது சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது யாரு? கண்ணாடி வெட்டு, பதினெட்டு வருஷம்?"

கமா சொன்னாள். பென்சில் அங்கேயே நின்றது. பிறகு ஆறு வருஷக்காரன் யார் என்று கேட்டார். நெட்டை என்றாள். பேக்கிங் வரிகளில் ஐந்து இடத்தில் வட்டம் போட்டார். இது நான் போட்டதா, நானா இப்படிப் போட்டேன் என்று தனக்குள்ளேயே இரண்டுமுறை கேட்டுக்கொண்டார். பென்சில் கடைசிப் பக்கத்துக்கு வந்தது.

"கணக்கு, எட்டு வருஷம். இது யாரு?"

"நான் சார்."

அடுத்த வரியையும் பார்த்தார். கணக்குப் பிரிவில் ஒரு வருஷம் என்றால் யார் என்று அவருக்கே தெரியும். பென்சிலைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது.

"அப்போ வேணும்னுதான் திறந்து விட்டியா? உனக்குக் குறையுதுன்னு தெரிஞ்சு, ஊரைக் கூட்டிக் காட்டினியா?"

காலையிலிருந்து அவள் தப்பைச் சுமந்துகொண்டிருந்தாள், அது அவளுடையது, சுமந்தாள். இது அவளுடையது இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொள்ளாமலே பேசினாள்.

"இன்னைக்குக் காலையில வரைக்கும் எனக்குத் தெரியாது சார். மடியில கனம் இருந்தாதானே வழியில பயம்? யார், எந்தப் பக்கத்தை, எத்தனை மணிக்குத் திறந்தாங்கன்னு சாஃப்ட்வேரே எழுதி வைக்கும். அதுக்கு லாக்னு பேரு. அதை என்னாலயும் அழிக்க முடியாது. உங்க பேர்ல நீங்களே திறந்து பாருங்க. நான் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன்."

அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். கீபோர்டில் நாலு எண்ணைத் தட்டிப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், தன் புது பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றார். பழைய நாலு எண் இதில் செல்லவில்லையாம்.

அவ்வளவு கலவரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் உதட்டோரம் துடித்தது. தற்காலிகமாக ஒரு பாஸ்வேர்டு கொடுத்து, உள்ளே போனதும் புதிதாக ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவர் தட்டும்போது சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். எந்தப் பட்டனை அழுத்துவது என்று திரும்பாமலே சொன்னாள்.

லாக் திறந்தது. அவர் அவளுடைய பெயரைப் போட்டுத் தேடினார். இரண்டு வாரத்தில் நானூற்றுச் சொச்சம் வரிகள். குரூப், அனுமதி, சரக்கு, கொள்முதல், மறுபடி குரூப். ஒரு நாள் இரவு எட்டு மணிவரைகூட வேலை பார்த்திருந்தாள். முதலாளி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பத்து நிமிஷம் ஆனது. சம்பளப் பட்டியல் என்கிற வார்த்தை அவள் பெயருக்கு நேரே ஒரே ஒருமுறை வந்தது. இன்று, பதினொன்று இருபது.

பிறகு சம்பளப் பட்டியலை மட்டும் போட்டு, யார் யார் திறந்தார்கள் என்று பார்த்தார். ஏற்றி வைத்த தலைமைக் கணக்கர். ஒன்பது பத்துக்குக் கண்ணாடி அக்கா. பதினொன்று இருபதுக்குக் கமா. அவ்வளவுதான். முதலாளியின் பெயர் இல்லவே இல்லை.

"உட்காரும்மா," என்றார். அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "இவ்வளவு நாள் கையில சாவி வச்சுக்கிட்டு நீ பார்க்கலை. பார்க்க வேண்டிய நானும் பார்க்கலை. நீ பண்ணினது ஒழுக்கம். நான் பண்ணினதுக்கு என்ன பேருன்னு தெரியலை."

அவர் எழுந்து, வட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். அவள் பின்னாலேயே போனாள்.

பட்டறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவர் சுற்றிவளைக்கவில்லை. இந்தப் பட்டியலை முதல் தடவையாக இன்றுதான் ஒன்றாக வைத்துப் பார்த்தேன், இதில் பதினோரு பேருக்கு நியாயமில்லாமல் இருக்கிறது, கமாவையும் சேர்த்து, அதைச் சரிசெய்கிறேன் என்றார். கேட்டவனுக்கு ஒன்று, கேட்காதவனுக்கு ஒன்று என்று இனிமேல் இருக்காது. எந்த வேலைக்கு, எத்தனை வருஷத்துக்கு, எவ்வளவு என்று ஒரு பலகையில் எழுதிச் சுவரில் மாட்டுவோம். அவரவர் சீட்டு அவரவருக்கு மட்டும்.

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் கண்ணாடி அக்காவைப் பார்த்தார்கள்.

"எப்போ?" என்றார் அக்கா.

"ஆறு மாசத்துல."

"ஆறு மாசத்துல எத்தனை மழை எத்தனை வெயில். பாதியாவது இந்த மாசமே போடுங்க."

முதலாளி மனசுக்குள் கணக்குப் போட்டார். அவர் உதடு அசைவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாதி இந்த மாசம். மீதி ஆறாவது மாசத்துக்குள்ள."

"எழுதிக் கொடுங்க."

சட்டைப்பையில் இருந்தது அந்த ஒரே தாள்தான். அதை எடுத்து, எழுதாத பக்கத்தைத் திருப்பி, கண்ணாடி வெட்டும் மேஜை மேல் வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அதைப் படித்துவிட்டு நெட்டையிடம் கொடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படிக்கச் சொன்னார். அவன் படித்தான். படித்து முடித்ததும் பேக்கிங் பெண்களில் ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி அவளைக் கிள்ளினாள், யாரோ விசில் அடித்தார்கள்.

மணி பன்னிரண்டே கால். நாலு மணிக்கு நாற்பது ஜன்னல். அதில் பதினாறு இன்னும் கண்ணாடியையே காணவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தக் கம்பெனியில் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பிடித்தன. முதலாளி சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, அக்காவின் மேஜைக்கு எதிர்மேஜையில் நின்றார். முதல் கண்ணாடியை வெட்டியதும் விளிம்பு பிசிறியது. அக்கா பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தால் கை இப்படித்தான் மரத்துப்போகும் என்றார். இரண்டாவது சரியாக விழுந்தது. மாடியில் இருந்தவர்கள் எல்லோரும் இறங்கி வந்து சட்டங்களைத் துடைத்தார்கள், அட்டையில் சுற்றினார்கள். விற்பனை மேனேஜர் ஆஸ்பத்திரிக் கட்டடக்காரரைப் போனில் பிடித்து, ஆறரை வரை பேச்சுக்கொடுத்தே தாக்காட்டினார். அந்த ஒரு திறமைக்காகவே அவருடைய பயணச் செலவை யாரும் பார்க்க வேண்டாம் என்று கமாவுக்குத் தோன்றியது. லாரி ஆறு இருபதுக்குக் கிளம்பியது. டிரைவர் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. டீசல் பில் பாஸாகிவிட்டது, நான் பார்த்துவிட்டேன் என்றார்.

லாரி போனதும் முதலாளி கமாவைக் கூப்பிட்டார். தப்பு தப்புதான், எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஆடிட்டர் என்னைச் சும்மா விடமாட்டார் என்றார். அவள் ஒப்புக்கொண்டாள். அதை டைப் செய்ய அந்த நேரத்தில் ஆபீசில் அவளைத் தவிர ஆளில்லை. அவர் சொல்லச் சொல்ல அவளே அடித்தாள். 'கவனக்குறைவு' என்பதற்கு முன்னால் 'மிகுந்த' என்று போடச் சொன்னார். அவள் போட்டாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மிகுந்த வேண்டாம், எடுத்துவிடு என்றார்.

கடிதத்தின் கடைசியில் அவள் ஒரு வரி சேர்க்க அனுமதி கேட்டாள். இனிமேல் யாருக்கு எந்த அனுமதி கொடுத்தாலும் ஒரே ஆள் செய்யக்கூடாது, ஒருவர் மாற்ற, இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் அது செல்லுபடியாக வேண்டும். ஒற்றைக் கண் பார்த்தால் இப்படித்தான் ஏதாவது விட்டுப்போகும் என்றாள். முதலாளிக்கு அது பிடித்திருந்தது. இரண்டாவது கண் யாருடையது என்று கேட்டார். அவள் கண்ணாடி அக்காவின் பெயரைச் சொன்னாள். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, எனக்கெதுக்கும்மா அந்த வம்பு, இன்றைக்கு ஒருநாள் பார்த்ததே ஏழு தலைமுறைக்குப் போதும் என்று கும்பிட்டுவிட்டார். தலைமைக் கணக்கர் திரும்பி வரும்வரை முதலாளியே இரண்டாவது கண்ணாக இருப்பது என்று முடிவாயிற்று.

தலைமைக் கணக்கருக்கு ஆஸ்பத்திரியிலேயே செய்தி போய்விட்டது. ஏழு மணிக்கு அவரே போன் செய்தார். திட்டப்போகிறார் என்று கமா பயந்தாள். அவர், பட்டியலை முதலாளியிடம் காட்ட வேண்டும் என்று தனக்கு எத்தனையோ வருஷம் தோன்றியதுண்டு, வாய் வரவில்லை என்றார். முதலாளி மறந்துபோன பாஸ்வேர்டு கதையைச் சொன்னதும் சிரித்து, தையல் இழுக்கிறது, போனை வை என்றார்.

அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நடக்கவில்லை, பறந்தாள். கதவைத் திறந்த கணவரிடம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். ஒன்பது பத்திலிருந்து ஆறு இருபதுவரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே சொன்னாள், மகள் வீட்டுப்பாட நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள். புதுப்பையனுக்குக் கால்வாசி அதிகம் என்கிற இடம் வந்ததும் கணவர் விரல்களை மடக்க ஆரம்பித்தார்.

"எட்டு வருஷம்னா, மாசத்துக்கு இவ்வளவுன்னு வச்சுக்கிட்டா..."

"கணக்குப் போடாதீங்க," என்றாள் அவள். "போட்டா தூக்கம் வராது. சாப்பாடு எடுத்து வைங்க. எச்சரிக்கைக் கடிதம் வாங்கினவளுக்கு எவ்வளவு பசிக்கும்னு உங்களுக்குத் தெரியாது."